கொலோனிலிருந்து கெல்னுக்கு

பாத்துட்டீங்க. பாத்தவர்கிட்ட இல்லவே இல்லைன்னு சாதிக்கிற ஆளு நான் இல்ல சார். அந்தப் பெரிய சர்ச்சுக்கு முன்னால பச்சைச் சட்டை போட்டு, இடுப்புல பிள்ளையோட நின்னு என்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தாளே, அவ யாருன்னுதானே கேக்கீங்க? எம் மகதான். ஆமா, சொந்த மகதான். எதுக்கு இப்படி வாயைப் பொளக்கீங்க? கொஞ்சம் இந்தப் பக்கமாச் சாய்ஞ்சு உக்காருங்க, சொல்லுதேன். எம் பொஞ்சாதி முன் சீட்டுல உங்க அம்மா பக்கத்துலதான் இருக்கா. அவளுக்குக் கண்ணுதான் மட்டம், காது பாம்புக் காது.

முதல்ல ஒண்ணு. இதை உங்க அம்மாகிட்ட மூச்சு விட்டுரக் கூடாது. அவங்க நல்ல மனுஷி, இல்லைன்னு சொல்லலை. காலையில இருந்து செண்பகவல்லிக்கு இஞ்சி மரப்பா உரிச்சு உரிச்சுக் குடுத்துக்கிட்டு வர்றாங்க, வாந்தி வராம இருக்கதுக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு பொம்பளைங்க பக்கத்துல பக்கத்துல உக்காந்து மரப்பா தின்னா எல்லாத்தையும் பேசிருவாங்க. நீங்க பேங்க்ல ஆபீசரா இருக்கீங்க, பொள்ளாச்சிக்காரரு, விஷயம் தெரிஞ்சவரு. அதான் உங்ககிட்ட நானே சொல்லிருதேன்.

எனக்குக் கோவில்பட்டி. தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்கேன். ஆபீஸ்னா மேஜை நாற்காலி போட்ட ஆபீஸ்னு நெனச்சிராதீங்க, எங்க பக்கம் பாக்டரியத்தான் ஆபீஸ்ம்போம். எங்கப்பா வச்சது. ஊருக்குள்ள நான் நடந்து போனா இன்னைக்கும் டீக்கடையில உக்காந்திருக்கவன் எந்திரிப்பான். அப்படி இருந்த குடும்பம் சார்.

மக பேரு சண்முகவடிவு. எங்கம்மா பேரு. ஆசை ஆசையா வச்சேன். அந்தப் பேரைத் தூக்கிக்கிட்டுப் போயி யார் வீட்டுல விளக்கேத்துனா தெரியுமா? எங்க ஆபீஸ்ல குச்சி அடுக்குன பொம்பளையோட மகன் வீட்டுல. படிச்சவன்தான், நான் இல்லைங்கலை. ஜெர்மனியில பெரிய வேலை, அதையும் இல்லைங்கலை. ஆனா அவங்க அம்மா எங்க ஆபீஸ் வாசல்ல செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு உள்ள வந்தவ. என்ன ஆளுங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேன். உங்களுக்கு விளங்கும்.

காலேஜ்லயே பழக்கமாம். எனக்கு எப்படித் தெரியும்? அவன் முதல்ல போனான். இவ மேல்படிப்புன்னு பின்னாலயே கிளம்புனா. விசாவுக்குச் சென்னைக்கு நான்தான் சார் கூட்டிட்டுப் போனேன், ராத்திரி பூரா ரயில்ல முழிச்சு உக்காந்து அவ பெட்டியைக் காவல் காத்துக்கிட்டு. அங்க போயி ரிஜிஸ்டர் பண்ணிட்டு போன்ல சொல்லுதா. அன்னைக்கே தலை முழுகிட்டேன். பேச்சுக்குச் சொல்லலை, நிசமாவே முழுகுனோம். பொஞ்சாதியைக் கிணத்தடியில உக்கார வச்சு வாளி வாளியா நானே தண்ணி ஊத்துனேன். அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. மகன் கதிரேசனையும் ஊத்திக்கச் சொன்னேன், அவன் பைக்கை எடுத்துட்டு வெளிய போயிட்டான்.

ஆனா பெத்தவ பாருங்க, அவளுக்கு அந்தத் தண்ணி ஒட்டலை. வெள்ளிக்கிழமையானா தங்கச்சி வீட்டுக்குப் போறேம்பா. அங்க போயி தங்கச்சி போன்ல மககூடப் பேச்சு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. எல்லாம் தெரியும். பேசிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல சார்.

அப்புறம்தான் கண்ணு வந்துச்சு. சுகர். கண்ணுக்குள்ள ரத்தம் கசியுது. மதுரையில ஊசி மேல ஊசி போட்டுப் பாத்தாச்சு. டாக்டர் என்னையத் தனியாக் கூப்பிட்டு, இருக்கிற பார்வை எப்ப வேணாலும் போயிரும், அவங்க எதையாவது பாக்க ஆசைப்பட்டா இப்பவே காட்டிருங்கன்னாரு. வீட்டுக்கு வந்து கேட்டேன். ஏட்டி, உனக்கு என்னத்தப் பாக்கணும்? காசியா, தாஜ்மகாலா? எதுன்னாலும் சொல்லு. அவ என்ன சொன்னாங்கீங்க? வடிவு மூஞ்சியையும் பேரன் மூஞ்சியையும் ஒரே ஒரு தடவை பாத்தாப் போதும், அதுக்குப் பெறகு எது போனாலும் போகட்டும்ங்கா.

எப்படி இருக்கும் எனக்கு? இம்புட்டுப் பெரிய உலகத்துல பாக்கதுக்கு வேற ஒண்ணுமே இல்லையா? நான் ஒரு வார்த்தை கோவமாப் பேசலை. மறு வாரமே இந்த ஐரோப்பா டூருக்குப் பதிஞ்சுட்டேன். எங்க சொந்தத்துல பொஞ்சாதியை ராமேஸ்வரம் தாண்டிக் கூட்டிட்டுப் போனவன் ஒருத்தனைக் காட்டுங்க பாப்போம்.

ஐரோப்பான்னு சொன்னதும் அவ கேட்ட முதல் கேள்வி, ஜெர்மனி உண்டா? உண்டுன்னேன். சார், அந்த முகத்தை நீங்க பாத்திருக்கணும். நேரா அடுப்படிக்குப் போயிட்டா. மறுநாள் வெள்ளிக்கிழமை. தங்கச்சி வீட்டுக்குப் போயி மககிட்டச் சொல்லிருக்கா. எந்த ஊர்னு மட்டும் சொல்லும்மா, எந்த மூலைன்னாலும் வந்து நிக்கேன்னு மக சொல்லிருக்கா. தங்கச்சி புருஷன் என் ஆளு, சாயங்காலமே என் காதுக்கு வந்துருச்சு. நான் ஊர்ப் பேரைச் சொல்லுவேனா? பிளேன் ஏறுற வரைக்கும் மூச்சு விடலையே. செண்பகம் போனையும் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். வெளிநாட்டுல அது வேலை செய்யாதுட்டீன்னேன்.

இப்பதான் முக்கியமான விஷயம். எம் மக இருக்கிற ஊரு கெல்ன். போன்ல அப்படித்தான் சொல்லுவா, கெல்ன், கெல்ன். செண்பகத்துக்கு மனப்பாடம். சாமி பேர் மாதிரி வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு இருப்பா. நான் டூர் மேனேஜர்கிட்டப் போயி, தம்பி, நம்ம போற வழியில கெல்ன்னு ஊர் எதுவும் வருதான்னு கேட்டேன். வந்தா நாங்க வேற டூருக்கு மாறிருவோம்லா? அதுக்குத்தான். அவரு சிரிச்சுக்கிட்டே, சார், நம்ம தாள்ல கொலோன்னு போட்டிருக்குல்ல, அதான் கெல்ன், அந்த ஊர்க்காரங்க கெல்ன்ம்பாங்க, இங்கிலீஷ்ல கொலோன், நம்ம தூத்துக்குடியை டூட்டிகொரின்னு எழுதலையா, அது மாதிரின்னாரு. முதல்ல எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வீட்டுக்கு வந்து சேருறதுக்குள்ள மனசு குளுந்து போச்சு. ரெண்டு பேர் இருக்கிற ஊரு சார்! சாமியாப் பாத்துக் குடுத்தது.

பிளேன்ல உக்காந்ததும் தமிழ்ல அச்சடிச்ச அந்தத் தாளை அவ கையிலயே குடுத்தேன். நீயே வாசி, அஞ்சாவது படிச்சவதானே. மூக்குக்கிட்ட வச்சு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சா. லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன். கெல்ன் இல்லையேன்னா. இல்லையே, நான் என்ன செய்ய? கம்பெனிக்காரன் போடலை. தாளை மடிச்சு வச்சுட்டு மெதுவாக் கேட்டா, கொலோன்ல இருந்து கெல்ன் எம்புட்டுத் தூரம்?

பதினாறு மணி நேரம். ரயில்லன்னேன்.

அந்த நம்பர் எப்படி என் வாயில வந்துச்சுன்னு எனக்கே தெரியலை. பதினஞ்சு, இருபதுன்னா அடிச்சு விடுத மாதிரி இருக்கும் பாருங்க. பதினாறுன்னா போயிட்டு வந்தவன் சொல்லுத மாதிரி இருக்கு. போலந்து பார்டர்ல இருக்குட்டீ, பனி மலை எல்லாம் தாண்டிப் போகணும்னு வேற எடுத்து விட்டேன். என்ன சார், சிரிப்பு வரலையா உங்களுக்கு? எனக்கு வந்துச்சு.

அதுக்குப் பெறகு எந்த ஊர்ல இறங்குனாலும் இதே கேள்விதான். லண்டன் பாலத்துல நின்னு கேக்கா, இங்கன இருந்து கெல்ன் எம்புட்டுத் தூரம்? இருபத்தஞ்சுன்னேன். பாரிஸ்ல அம்புட்டு உசரக் கோபுரத்துல ஏத்தி விட்டா, சுத்திப் பாக்கதை விட்டுட்டு, கெல்ன் எந்தப் பக்கம்ங்கா. அங்க இருபத்திரண்டு. ஆம்ஸ்டர்டாம்ல பதினெட்டு. குறைஞ்சுக்கிட்டே வரவும் அவளுக்கு ஒரே சந்தோஷம். கிட்ட வருதுல்லா, கிட்ட வருதுல்லாங்கா. ஆம்ஸ்டர்டாம்ல பஸ் ஏறுனா நாலு மணி நேரத்துல மக வீட்டு வாசல், இது பதினெட்டுன்னு விரல் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. பச்சப் பிள்ளை மாதிரி சார் அவ.

இன்னைக்குக் காலையில கொலோன் வந்துச்சா. போர்டு பூரா கெல்ன் கெல்ன்னுதான் எழுதிருக்கு. இவளுக்குக் கண்ணும் தெரியாது, இங்கிலீஷ் எழுத்தும் தெரியாது. மேனேஜர்கிட்ட முன்னமே சொல்லி வச்சிருந்தேன், கொலோன்னே சொல்லுங்க தம்பி, வயசானவங்களைக் குழப்பாதீங்கன்னு. அந்த ஆளு மைக்ல, ஓடிகோலோன் பொறந்த ஊரே இதுதான்னு சொன்னாரு பாருங்க, நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். கேட்டியாட்டீ, காய்ச்சலுக்கு நெத்தியில போடுவோமே ஓடிகோலோன், அந்த ஊரு இது. உம் மக ஊரு கெல்ன். ஓடிகெல்ன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா? அவளும் யோசிச்சுப் பாத்துட்டு இல்லைன்னுட்டா. கடையில போயி ரெண்டு பாட்டில் வாங்குனா. எதுக்கு ரெண்டுன்னேன். ஒண்ணு வடிவுக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா ஆகும், கெல்ன்ல இதெல்லாம் கிடைக்குமோ கிடைக்காதோங்கா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. கடைக்காரியைப் பாக்குத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

எல்லாரும் சர்ச்சுக்குள்ள போனீங்க. நான் போகலை. முட்டி வலின்னு வெளிய படியில உக்காந்தேன். யாரோ "அப்பா"ன்னாங்க.

நிமிந்து பாத்தா வடிவு. அஞ்சு வருஷம் ஆச்சு சார். எளைச்சிருக்கா. எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ செஞ்சுது, மறைக்க மாட்டேன். எங்கம்மா சாயல் அப்படியே இருக்கு. கதிரேசன் டூர்த் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பிட்டானாம், நாங்க பிளேன் ஏறுன பெறகு. எப்படியாவது வடிவுக்கு ஊர்ப் பேரைச் சொல்லிருன்னு செண்பகம்தான் அவன்கிட்டச் சொல்லிட்டு வந்திருக்கா. வளத்த கடா மார்ல பாயுது. காலையில இருந்து அங்கனயே நிக்காளாம். அம்மா எங்கப்பா, அம்மா எங்கன்னு அதையேதான் கேக்கா. நல்லா இருக்கீங்களாப்பான்னு ஒரு வார்த்தை? கிடையாது.

உள்ள ஓடப் பாத்தா. கையைப் பிடிச்சு நிறுத்துனேன். கத்தலை, திட்டலை. அன்பாத்தான் பேசுனேன். உங்கம்மா கண்ணுல ரத்தம் கசியுது தெரியும்லா? தெரியும்ப்பான்னா. டாக்டர் சொல்லிருக்காரு, அவ அழக் கூடாது. ஒரு தடவை குலுங்கி அழுதான்னா உள்ள நரம்பு தெறிச்சுரும், அந்த நிமிசமே ரெண்டு கண்ணும் போயிரும். உன்னையும் இந்தப் பயலையும் பாத்தா அழாம இருப்பாளா? நீயே சொல்லு. போ, போயிக் கட்டிப் பிடி. நான் தடுக்கலை. உங்கம்மா கண்ணைப் பறிச்சது யாருன்னு நாளைக்கு உம் மகன்கிட்டச் சொல்லிக்கோ.

டாக்டர் அப்படிச் சொன்னாரான்னு கேக்கீங்களா? சொல்லலை. சொல்லிருந்தாலும் சொல்லிருப்பாரு. சுகர் வந்த உடம்பு, யாரு கண்டா?

நின்னுட்டா. அப்படியே நின்னுட்டா சார். பிள்ளையை இறுக்கிக்கிட்டா, வாயைக் கையால பொத்திக்கிட்டா. அப்புறம், சரிப்பா, நான் கிட்ட வரலை, அவங்க பஸ் ஏறுறதைத் தூரத்துல இருந்து பாத்துட்டுப் போயிருதேன்னா. பாத்துக்கோன்னேன். அதுக்குக்கூட நான் குறுக்க நிக்கலையே.

ஆனா எனக்கு ஒண்ணுதான் ஆறலை சார். அந்தப் பய. ரெண்டு வயசு இருக்கும். நெத்தியும் காதும் எங்கப்பா அச்சு, எந்த ரத்தம் கலந்தாலும் அது மாறலை. என்னையவே உத்துப் பாத்தான். என்னையும் அறியாம நான் கையை நீட்டிட்டேன். அவ குடுக்கலை. ஒரு எட்டுப் பின்னால போயிட்டா. அவன் என்னையக் கைகாட்டி அந்த ஊர் பாஷையில என்னமோ கேட்டான். அவளும் அந்தப் பாஷையிலயே பதில் சொன்னா. காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன் சார், அதுல தாத்தாங்கிற வார்த்தை இல்லை. பெத்த தகப்பன் கைநீட்டி நிக்கேன், பிள்ளையைக் காட்டாமப் போறா. இப்படியும் ஒரு மனசு கல்லாகுமா? நீங்களே சொல்லுங்க.

நீங்க எங்களைப் பாத்தது அப்பதான். அப்புறம் எல்லாரும் பஸ்ஸுக்கு வந்தீங்க. அவ ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு மரத்தடியில நிக்கா. ரொம்பத் தூரம் இல்லை, கூப்பிட்டாக் கேக்கும். செண்பகம் படியில காலை வச்சவ திரும்பிப் பாத்தா. இதுதான் அவ காலையில இருந்து செய்யுத வேலை, எந்தப் பொண்ணு போனாலும் தலையைத் திருப்பித் திருப்பிப் பாக்கது. நேரே மகளைப் பாக்கா. அங்கன யாரோ பச்சைக் கலர்ல நிக்காங்க, என்னையப் பாத்துக் கையை ஆட்டுத மாதிரி இருக்கேங்கா. அது வேற பஸ்ஸுக்கு ஆட்டுறாட்டீ, ஏறுன்னேன். ஆட்டிக்கிட்டே இருக்காளேன்னா. உனக்கு எல்லாமே ஆடுத மாதிரித்தான் தெரியும், ஏறுன்னேன். ஏறிட்டா. ஏறி ஜன்னல் வழியா அவளும் கையை ஆட்டுனா. யாருன்னு தெரியாமலே. பாவம் யாரோ என்னமோன்னு சொல்லிக்கிட்டே ஆட்டுனா.

அம்புட்டுத்தான். யாருக்கும் சேதாரம் இல்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஊர்ல என் மானமும் போகலை, செண்பகம் கண்ணும் போகலை. மக ஆசைப்பட்ட மாதிரி அம்மாவைப் பாத்துட்டா. இம்புட்டையும் தனி ஆளா நான் சமாளிச்சிருக்கேன். ஆனா இந்த வீட்டுல எனக்கு நல்ல பேரு கிடையாது, அது வேற கதை.

இருங்க இருங்க. எந்திரிச்சு வர்றாளே. ஏட்டி, பஸ் ஓடும்போது எதுக்கு வர்றே? மெதுவா, சீட்டைப் பிடிச்சுக்கோ. என்னது? சார்கிட்டயா? சார்கிட்ட உனக்கு என்ன? அவங்க அம்மா சொன்னாங்களா? போன்ல பாத்தா எந்த ஊருக்கு எந்த ஊரு எம்புட்டுத் தூரம்னு அப்படியே காட்டுமாமா? அதான் நான் சொல்லிட்டேன்லா. என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு? சரி சரி, கேளு. வந்தாச்சுல்லா, கேட்டுட்டுப் போ.

சார், கொலோன்ல இருந்து கெல்ன் எம்புட்டுத் தூரம்னு கேக்கா. போனை எடுத்துப் பாத்துச் சொல்லுங்க.

என்ன சார், போனையே பாத்துக்கிட்டு இருக்கீங்க? வந்துருச்சா? அவ நின்னுக்கிட்டு இருக்கா சார், பஸ் ஆடுது, விழுந்துரப் போறா. பதினாறு மணி நேரம்தானே? அதானே போட்டிருக்கு? சொல்லுங்க. தலையை ஆட்டுனா அவளுக்குத் தெரியாது சார். வாயைத் தொறந்து சொல்லுங்க.

கேட்டியா? சாரே சொல்லிட்டாரு. பதினாறு மணி நேரம். படிச்சவரு, பேங்க் ஆபீசரு, போன்லயே பாத்துட்டாரு. இப்ப சமாதானமா? என்ன? ம். ம். சரி, அழாத. கண்ணைத் தொடை. போ, போயி உக்காரு. மெதுவா.

கேட்டீங்களா சார், என்ன சொல்லிட்டுப் போறான்னு? உங்க காதுல விழுந்துச்சா? எந்த மூலைன்னாலும் வந்து நிக்கேன்னு சொன்னவ வரலையே, அம்மா வேண்டாம்னு ஆயிட்டாளேன்னு காலையில இருந்து மகளை மனசுக்குள்ள ஏசிக்கிட்டே வந்தாளாம். இம்புட்டுத் தூரம்னா கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எப்படி வருவா, எம் பிள்ளை மேல தப்பே இல்லைங்கா. பாருங்க, போயி உங்க அம்மா தோள்லயே சாய்ஞ்சுட்டா. முகத்துல எம்புட்டு நிம்மதி! என்னமோ பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்களே, அவளைப் பாருங்க சார். நான் பத்து நாளாச் சொல்லி அடங்காத மனசு, நீங்க ஒரு வார்த்தை சொல்லவும் அடங்கிருச்சு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.